காது கேட்காத பெரியப்பாவைச் சிரிக்க வைக்கிற இந்த ஹொலிவூட் ஆள் யார்?

தாட்சா_கொழும்பு06

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஹொலிவூட் படங்களைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு எண்பத்துமூன்று வயது, வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். கோட்டையில் ஒரு கம்பனியில் கிளாக்கராக இருந்த காலத்தில், சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே ரீகல் தியேட்டருக்குப் போய்விடுவாராம். இப்போது காது நன்றாக மந்தம். போன வருடம் வாங்கிக் கொடுத்த காது மெஷின் கீ கீ என்று விசிலடிக்கிறது என்று கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டார். வாங்கின இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோனால் 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்கிறார்கள். சரி, அது வேறு கதை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் லப்டொப்பை ரிவியில் கொழுவிப் பழைய படம் ஏதாவது போடுவேன். சப்டைட்டில் எழுத்து அவருக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது. ஆனாலும் கதை நினைவிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இருந்து பார்ப்பார். போன வாரம் 'டொப் ஹட்' போட்டேன். ஃப்ரெட் அஸ்டேர் ஆடுகிறார், மனுஷனிடம் ஒரு அசைவும் இல்லை. ஜிஞ்சர் ரொஜர்ஸ் வருகிறார், அதற்கும் இல்லை. அப்புறம் நீண்ட மூக்கும் எந்த நேரமும் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி முகமுமாக ஒருவர் வருவார் பாருங்கள், ஹோரஸ் என்ற பாத்திரம். அவர் சும்மா நிற்கிறார், எதிரில் இருக்கிறவர் என்னவோ சொல்கிறார், இவர் தலையாட்டுகிறார், அவ்வளவுதான், பெரியப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். ஒரு வசனம்கூட அவருக்குக் கேட்டிருக்காது.

பெயரைத் தேடிப் பிடித்தேன், எட்வர்ட் எவரெட் ஹோர்ட்டன். முதல் படம் 1922, கடைசிப் படம் 1971 என்று இருக்கிறது. நடுவில் நூற்றுக்கும் மேலே படங்கள். என் கேள்வி இதுதான்: ஒரு தடவைகூட ஹீரோ ஆகாத ஒருவரை ஐம்பது வருடம் எப்படி வைத்திருந்தார்கள்? ஒஸ்கார் ஏதாவது கொடுத்தார்களா? 'நான் முதல் முதல் பார்க்கும்போதே அந்த ஆள் கிழவன்' என்று பெரியப்பா சொல்கிறார், அது சரியா? அடுத்ததாக எந்தப் படம் போடலாம் என்றும் சொல்லுங்கள், சத்தம் கேட்காமலே ரசிக்கக்கூடியதாக.


பழைய_ரீல்

தங்கச்சி, பெரியப்பா சொல்வது சரிதான். ஹோர்ட்டன் பிறந்தது 1886 மார்ச் 18, நியூயோர்க் புரூக்ளினில். முதல் படம் நடிக்கும்போதே 36 வயது. 'டொப் ஹட்' 1935, அப்போது 49. பெரியப்பா ரீகலில் பார்த்திருக்கக்கூடிய காலம் அறுபதுகள் என்றால் மனுஷன் எழுபது தாண்டிவிட்டார். 1963 இல் வந்த 'இட்ஸ் எ மேட் மேட் மேட் மேட் வேர்ல்ட்' படத்தில் இரும்புச் சாமான் கடை முதலாளியாக ஒரு சின்ன வேடத்தில் வருவார், அதைத்தான் பார்த்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் 'ஒரு தடவைகூட ஹீரோ ஆகாத' என்பது பிழை. ஊமைப்பட காலத்தில் அவர் கதாநாயகன். 1923 இல் 'ரக்கிள்ஸ் ஒஃப் ரெட் கேப்' படத்தில் ஆங்கிலேய பட்லர் வேடம், அதுதான் படத்தின் பிரதான வேடம். 1925 இல் 'பெக்கர் ஒன் ஹோர்ஸ்பேக்' படத்திலும் அவர்தான் நாயகன். பேசும்படம் வந்து பளபளப்பான இளம் நாயகர்கள் நிறைந்த பிறகுதான் பக்கத்தில் நிற்கிற ஆளாக மாறினார். இறங்கினார் என்று சொல்ல மாட்டேன், அங்கேதான் அவருடைய உண்மையான இடம் இருந்தது.

இன்னொன்று, 1922 என்பது சினிமாக் கணக்கு மட்டும். மேடைக்கு வந்தது 1906 இல். பாட்டுக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று தொடங்கியவர். 1919 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்ததும் மெஜஸ்டிக் தியேட்டர் நாடகக் கம்பனிக்காகத்தான், சினிமாவுக்காக இல்லை. ஆகவே கமெராவுக்கு முன்னால் வருவதற்கு முன்பே பதினாறு வருட மேடை. நாடகத்தைப் பிறகும் விடவில்லை. 'ஸ்பிரிங்டைம் ஃபோர் ஹென்றி' என்ற நாடகத்தைப் பல பத்து வருடங்கள், கோடைகால அரங்குகளில் ஊர் ஊராக, ஆயிரக்கணக்கான தடவை போட்டிருக்கிறார். படம் இல்லாத மாதத்திலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. ஐம்பது வருடம் எப்படி என்று கேட்டீர்களே, பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி பெரியப்பா சிரித்த அந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு டபுள் டேக் என்று பெயர். பல பேர் செய்வார்கள், பெரும்பாலும் உடனே தலையை வெடுக்கென்று திருப்புவதோடு சரி. ஹோர்ட்டன் அதை நீட்டுவார். எதிரில் இருப்பவர் ஒரு கெட்ட செய்தியைச் சாதாரணமாகச் சொல்வார். இவர் சிரித்துக்கொண்டே 'ஓம் ஓம், அதுதானே' என்கிற மாதிரித் தலையாட்டுவார், பார்வையை வேறு பக்கம் திருப்புவார், கையிலிருக்கிற கிளாஸைக்கூட வாய்க்குக் கொண்டுபோவார். உதட்டில் சிரிப்பு அப்படியே இருக்கும், ஆனால் கண் மட்டும் முதலில் நின்றுவிடும். பிறகு புருவம். சிரிப்பு கடைசியாகத்தான் விழும், அதுவும் ஒரு பக்கமாக. அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் செய்தி அவருடைய தலைக்குள் படி ஏறிப் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்தி என்று பெரியப்பாவுக்குத் தெரியத் தேவையில்லை, கெட்டது என்று தெரிந்தால் போதும்.

அடுத்த படம்: 'ட்ரபிள் இன் பரடைஸ்', 1932, ஏர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கியது. வெனிஸ் ஹோட்டலில் ஒரு கள்ளன் டொக்டர் வேஷத்தில் வந்து ஹோர்ட்டனைக் கொள்ளையடித்துவிட்டுப் போய்விடுவான். பிறகு பாரிஸில் அதே ஆளைக் கனவானாகச் சந்திக்கிறார். எங்கேயோ பார்த்த முகம், எங்கே என்று வரவில்லை. படம் முழுக்க அதை யோசித்துக்கொண்டே திரிவார். ஒரு இடத்தில் சிகரெட்டை அணைக்கக் கையை நீட்டுவார், சாம்பல் தட்டு வெனிஸ் படகு வடிவம். இதற்கு மேல் சொன்னால் படம் கெட்டுவிடும்.


மசாலாவடை_கொட்டாஞ்சேனை

ரீல் அண்ணா வழமைபோல உருகிவிட்டார். எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து.

ஹோர்ட்டன் நல்ல நடிகர்தான், ஆனால் ஐந்து படம் பார்த்தால் ஐம்பதும் பார்த்த மாதிரி. அதே பதற்றம், அதே விரல் நடுக்கம், அதே நாயகனின் பணக்கார நண்பன். 'கே டிவோர்சி', 'டொப் ஹட்', 'ஷல் வி டான்ஸ்' மூன்றிலும் பெயரை மாற்றிப் போட்டால் எனக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையைச் சொன்னால் 'டொப் ஹட்' படத்தில் என்னைச் சிரிக்க வைத்தது அவரில்லை, அவருடைய வேலையாள் பேட்ஸாக வருகிற எரிக் புளோர். ஒரு கழுத்துப் பட்டிக்காக முதலாளியும் வேலையாளும் கோபித்துக்கொண்டு நேரே கதைக்காமல் இருப்பார்களே, அந்தச் சண்டையில் வெல்வது யார்? வேலைக்காரன். 'நாங்கள் பேட்ஸ்' என்று பன்மையில் தன்னைச் சொல்லிக்கொள்கிற திமிர் ஒன்று போதும். புளோர் அஸ்டேர்–ரொஜர்ஸ் படங்களில் ஐந்தில் இருக்கிறார், ஹோர்ட்டன் மூன்றில்தான்.

அதோடு தமிழ் பார்க்கிற எங்களுக்கு இந்த டபுள் டேக் என்ன புதிதா? 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க் கதை சொல்லச் சொல்ல டி.எஸ். பாலையா முகத்தைப் பார்க்கவில்லையா? கதை சொல்கிறவர் நாகேஷ், ஆனால் நாங்கள் பார்ப்பது பாலையாவை. அவரும் 1936 இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கினவர். வில்லனாக வெட்டிக் குத்திவிட்டு, 1964 இல் அந்த அப்பாவாக வந்து உட்கார்ந்தவர், அடுத்த வருடம் 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர். நாலு ஆளுக்கு நாலு முகம் காட்டினவர். ஹோர்ட்டன் என்ன காட்டினார்? ஒரே முகம், ஐம்பது வருடம்.


பழைய_ரீல்

வடை, பாலையாவைக் கொண்டுவந்து எனக்கே உதவி செய்கிறாய். அந்தக் காட்சியில் பாலையா என்ன செய்கிறார்? கேட்கிறார். அவ்வளவுதான். கேட்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் நாகேஷ் சொன்னது வெறும் கதை. ஹோர்ட்டனுடைய வேலையும் அதுதான். அஸ்டேர் பாடுவதற்கும் ஆடுவதற்கும் நடுவில் வசனம் பேச ஒருவர் வேண்டும், அதைக் கேட்டு இடிந்துபோகவும் ஒருவர் வேண்டும்.

ஒரே முகம் என்பதையும் ஏற்க மாட்டேன். 'ஹொலிடே' என்று ஒரு கதையை 1930 இலும் 1938 இலும் இரண்டு தடவை படமாக்கினார்கள். இரண்டிலும் நிக் பொட்டர் வேடத்தில் ஹோர்ட்டன்தான். இடையில் மற்ற எல்லாரும் மாறிவிட்டார்கள், இவர் மட்டும் அதே வேடத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1938 படத்தில், கேரி கிராண்டும் கேத்ரின் ஹெப்பர்னும் நடித்தது, பாருங்கள், அதில் பதற்றமே கிடையாது. அமைதியான, புத்தியுள்ள, மனைவியோடு அந்நியோன்யமாக இருக்கிற பேராசிரியர். பணக்கார வீட்டு விருந்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் மனிதர்களாகத் தெரிவார்கள்.

ஒஸ்கார் பற்றித் தங்கச்சி கேட்டார். கிடைக்கவில்லை, பரிந்துரைகூட இல்லை. ஒரு காரணம் காலம். துணை நடிகருக்கு என்று பரிசு கொடுக்கத் தொடங்கியதே 1936 படங்களிலிருந்துதான். 'ட்ரபிள் இன் பரடைஸ்', 'டொப் ஹட்' வந்தபோது அப்படி ஒரு பரிசே இல்லை. தொடங்கின பிறகும் அது வேறு மாதிரி ஆட்களுக்குப் போனது. முதல் ஐந்து வருடத்தில் மூன்றை வோல்டர் பிரெனன் ஒருவரே எடுத்துக்கொண்டார். 1937 இல் ஃப்ரேங்க் கப்ராவின் 'லொஸ்ட் ஹொரைசன்' படத்தில் ஹோர்ட்டனும் இருக்கிறார், ஆனால் பரிந்துரை போனது அதே படத்தில் சாங் ஆக வந்த எச்.பி. வோர்னருக்கு. சாந்தமாக ஞானம் பேசுகிறவருக்குக் கொடுப்பார்கள், பயந்து நடுங்குகிறவருக்குக் கொடுக்க மாட்டார்கள், எங்கள் ஊரிலும் அப்படித்தானே.

அந்தப் படத்தையும் பெரியப்பாவுக்குப் போடுங்கள். இமயமலைக்குள் விமானம் விழுந்து ஒரு சொர்க்கத்தில் மாட்டிக்கொள்கிற கூட்டத்தில் இவர் புதைபடிவம் ஆராய்கிறவர். தனியாக அறையில் ஒரு அரக்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே தன் முகத்தைத் தானே கண்டு திடுக்கிடுவார். ஒரு சொல் இல்லை.


மைக்_முன்னால்

எல்லாரும் முகம் முகம் என்கிறீர்கள். நான் கொஞ்ச காலம் வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தவன், அதனால் எனக்கு அவர் முதலில் ஒரு குரல்.

1928 இல் வோர்னர் பிரதர்ஸ் எடுத்த 'த டெரர்', முழுக்கப் பேசின ஆரம்பப் படங்களில் ஒன்று, அதில் ஹோர்ட்டன் இருக்கிறார். அந்த ஒன்றிரண்டு வருடத்தில் ஊமைப்பட நட்சத்திரங்கள் எத்தனை பேர் மைக் முன்னால் வந்து காணாமல் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆரம்ப மைக் ஒரு சனியன், பூச்சாடிக்குள் ஒளித்து வைத்துவிட்டு அதைச் சுற்றி நின்று பேச வேண்டும், கொஞ்சம் விலகினால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். மேடையில் பின்வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகினவருக்கு உச்சரிப்புப் பயம் இல்லை. ஆகவே அவருக்குச் சத்தம் வந்தது ஆபத்தாக இல்லை, வேலையாக வந்தது.

இப்போது மறுபக்கம். 1959 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரொக்கி என்ற பறக்கும் அணிலும் புல்விங்கிள் என்ற மானும் வரும் கார்ட்டூன் தொடங்கியது. அதற்குள் 'ஃப்ரக்சர்ட் ஃபெயரி டேல்ஸ்' என்று ஒரு பகுதி, தேவதைக் கதைகளைத் தலைகீழாக்கிச் சொல்வது. கதைசொல்லி ஹோர்ட்டன். எழுபது வயது தாண்டிய மனிதர், முகம் திரையில் இல்லை, குரல் மட்டும். மரியாதையான, கொஞ்சம் தயங்குகிற, 'இப்படி நடந்துவிட்டதே, நான் என்ன செய்வேன்' என்கிற தொனி. அமெரிக்காவில் ஒரு முழுத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவர் அந்தக் குரல்தான், 'டொப் ஹட்' எல்லாம் பிறகு தெரிந்தது.

இங்கே எங்களுக்கு அது விளங்க வேண்டும். இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' போன காலத்தில் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் இவர்களை எத்தனை பேர் நேரில் பார்த்திருப்போம்? குரலைக் கேட்டே முகத்தை வரைந்து வைத்திருந்தோம். பிறகு 1976 இல் 'கோமாளிகள்' படம் வந்தபோதுதான் முகத்தைப் பார்த்து 'ஓ, இவரா அவர்' என்றோம்.

ஆகவே தாட்சா, பெரியப்பாவுக்கு முகம் மட்டும் போதும், அந்தக் கார்ட்டூன் பிள்ளைகளுக்குக் குரல் மட்டும் போதும். இப்படி இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலும் இரண்டு துண்டும் தனித்தனியாக ஓடுகிற நடிகர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


மசாலாவடை_கொட்டாஞ்சேனை

சரி, கார்ட்டூனுக்கு ஒரு புள்ளி தருகிறேன். 'ஹொலிடே' பார்க்கவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் மெச்ச வேண்டாம். 1965 இல் தொடங்கின 'எஃப் ட்ரூப்' தொடரில் 'உறுமும் கோழி' என்ற செவ்விந்திய மருத்துவனாக முகத்தில் சாயம் பூசி வருகிறார். மறு வருடம் 'பேட்மன்' தொடரில் 'அலறும் கோழி'. அந்தக் காலத்தில் அது பகிடி, இன்றைக்குப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. கறுப்பு மை பூசிக்கொண்டு வந்த எங்கள் பழைய கொமடிக் காட்சிகளைப் பார்க்கும்போது வருகிற அதே கூச்சம்.


பழைய_ரீல்

அதில் உன்னோடு சண்டை இல்லை. எண்பது வயதில் வந்த வேலையை எடுத்துக்கொண்டார், அந்த வேலை அப்படிப்பட்டது.

ஆனால் ஏன் வேலை, வேலை என்று நின்றார் என்பதில் ஒரு சுவாரசியமான பக்கம் இருக்கிறது. லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியே என்சினோ என்ற இடத்தில் பெரிய காணி வாங்கி வீடு வீடாகக் கட்டிக்கொண்டே போனார். அந்தக் காணியில் இருந்த ஒரு வீட்டைத்தான் நாவலாசிரியர் எஃப். ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரல்ட் 1938 கடைசியிலிருந்து 1940 வரை வாடகைக்கு எடுத்து, முடிக்காமலே போன கடைசி நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அதாவது கதவுக்கு அந்தப் பக்கம் அமெரிக்க இலக்கியம் கஷ்டப்படுகிறது, இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பயந்தாங்கொள்ளி வேடம் போட்டுச் சம்பாதிக்கிறார். பிறகு பெருந்தெரு போடுகிறோம் என்று அரசாங்கம் காணியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. அவர் செத்த பிறகு பக்கத்தில் ஒரு சின்ன ஒழுங்கைக்கு அவர் பெயர் வைத்தார்கள். காணியை எடுத்து ஒழுங்கையைக் கொடுக்கிற கணக்கு வெள்ளவத்தைக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1970 செப்டம்பர் 29 இல் காலமானார், வயது 84. தாட்சா பார்த்த அந்த 1971 படம் 'கோல்ட் டர்க்கி', அவர் போன பிறகு வெளியானது. ஒரு ஊரே சிகரெட்டை விடுகிற கதை, இவர் சக்கர நாற்காலியில் இருக்கிற புகையிலைக் கம்பனிக் கிழவர். அதில் அவருக்கு வசனமே கிடையாது.


தாட்சா_கொழும்பு06

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மைக் அண்ணா எழுதினதைப் பெரிய எழுத்தில் போட்டுப் பெரியப்பாவுக்கு வாசிக்கக் கொடுத்தேன். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ராமதாஸ் பற்றிக் கதை சொன்னார். ஹோர்ட்டன் அப்படியே கிடந்தார்.

நேற்றிரவு 'ட்ரபிள் இன் பரடைஸ்' பார்த்தோம். கடற்கரைப் பக்கம் ரயில் போகிற நேரமெல்லாம் எனக்கும் வசனம் கேட்காது, ஆகவே இரண்டு பேருக்கும் சமம். சாம்பல் தட்டு இடம் வந்ததும் நான் படத்தைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைத்தான் பார்த்தேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, வலக்கை விரல் இரண்டையும் சிகரெட் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு (விட்டு முப்பது வருடம்), ஹோர்ட்டனோடு சேர்ந்து நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். பிறகு 'டொக்டர்' இடத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார், பிளேன்டீ கவிழ்ந்தது.

வடை அண்ணாவுக்கு ஒன்று: எரிக் புளோரைக் காட்டி இவர் எப்படி என்று கேட்டேன். 'அவனுக்குச் சொல்ல இருக்கு, இவனுக்குக் கேட்க இருக்கு' என்றார்.

இன்று காலையில் லைட் பில் வந்தது. பெரியப்பா கேட்டார், தொகையைக் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். சிரித்தார், நல்லது நல்லது என்று தலையாட்டினார், பேப்பரை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார், கதிரையில் இருந்து கண்ணாடியையும் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

'எவ்வளவு?'